ஐந்து கோலும் நான்கு கோலும்: திண்டுக்கல் சமவெளியில் ஒரு ஹாக்கிப் பயணம்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டபோது பொழுது விடியவில்லை. மார்கழிப் பனி. நாகல் நகர்ப் பக்கம் ஏதோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியிருந்தது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் பிரியாணிக்கு வருவார்கள், பூட்டு வாங்க வருவார்கள், பழநிக்கோ கொடைக்கானலுக்கோ போகிற வழியில் பஸ் மாறுவார்கள். நான் வந்தது ஹாக்கி பேசுகிறவர்களைப் பார்க்க.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்களுக்கான ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் ஆடின. இந்தக் கோப்பையில் இத்தனை அணிகள் ஆடியது அதுவே முதல் முறை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை 60 கிலோமீட்டர் சொச்சம்தான், நுழைவும் இலவசம். டி.வி.யில் மட்டுமே பார்த்திருந்த ஆட்டத்தை இந்தச் சமவெளிப் பிள்ளைகள் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கோப்பை முடிந்த கையோடு அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

காலை ஆறரை மணிக்கு ஒரு பள்ளி மைதானத்தில் இருந்தேன். அரையாண்டுத் தேர்வு நேரம். அப்படியும் இருபது பிள்ளைகளுக்கு மேல் வந்திருந்தார்கள். தரை செம்மண். தூரத்தில் மலைக்கோட்டைப் பாறையின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. மதுரை நாயக்கர்கள் எழுப்பி, ஹைதர் அலியும் திப்புவும் ஆண்டு, கடைசியில் கம்பெனிப் படையிடம் போன கோட்டை அது.

ஒரு பையனின் மட்டையை வாங்கிப் பார்த்தேன். மரமட்டை. வளைந்த நுனியின் அடிப்பக்கம் மண்ணில் உரசி உரசி நார் நாராகப் பிரிந்திருந்தது. அது மேலும் பிளக்காமல் இருக்க சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி, அதற்கு மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தான். கைப்பிடியில் பழைய துண்டின் கிழிசல். கோல்கீப்பர்கள் இரண்டு பேர். பேடு ஒரே ஒரு செட். ஒருவன் கழற்றிக் கொடுத்த பிறகுதான் அடுத்தவன் கட்ட முடியும். கட்டி முடிக்கவே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. அதுவரை மற்றவர்கள் காலியான கோலுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி கொடுத்தவர் உடற்கல்வி ஆசிரியர். பந்தைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இந்தத் தரையில பந்து கடைசி நொடியில துள்ளும் சார். அதனால இவனுக மட்டைய நட்டு வச்சுத்தான் வாங்குவானுக. டர்ஃபுக்குப் போனா குனிஞ்சு, மட்டையத் தரையோட கிடத்தி வாங்கணும். பழக்கத்த மாத்தவே ஆறு மாசம் ஆகிரும். டிராக் ஃப்ளிக்க இங்க சொல்லிக் குடுக்கவே முடியாது. பந்த மட்டையோட இழுத்துக்கிட்டுப் போறதுக்குத் தரை வழுக்கணும்ல?"

அவர் சொன்ன இந்த ஒரு விஷயத்துக்குள் இந்திய ஹாக்கியின் அரை நூற்றாண்டு இருக்கிறது. 1975-ல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸ் அந்த அணியில் இருந்தார். மறு ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. இந்தியாவுக்கு ஏழாம் இடம். 1980-ல் மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் என்று ஒன்றைப் பார்க்க 2021-ல் டோக்கியோ ஆட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்ணிலும் புல்லிலும் வளர்ந்த கை சுத்தம், டர்ஃபின் வேகத்துக்கும் ஓட்டத்துக்கும் ஈடுகொடுக்கவில்லை. நாடு முழுக்க நடந்த அந்த மாற்றத்தைத் திண்டுக்கல் பையன் ஒவ்வொருவனும் இன்றைக்குத் தன் உடம்பில் தனியாகக் கடக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் பேச்சு டீக்கடைக்கு நகர்ந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கல்லூரி அணிக்கு ஆடி முடித்துவிட்டு இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓர் இளைஞர். பெரியவர்தான் ஆரம்பித்தார்.

"மூணு கோப்பை. மூணுலயும் அரையிறுதி. மூணுலயும் ஜெர்மனி. இதுக்கு என்ன பதில் சொல்றீக?"

கணக்கு சரிதான். 2021-ல் புவனேஸ்வரத்தில் 2-4, 2023-ல் கோலாலம்பூரில் 1-4, இப்போது சென்னையில் 1-5. ஜூனியர் உலகக் கோப்பையின் அரையிறுதியில் இந்தியா தொடர்ந்து மூன்று முறை ஜெர்மனியிடம் தோற்றிருக்கிறது. 2001-லும் 2016-லும் கோப்பையை வென்ற அணிக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

"நெஞ்சுல தெம்பு பத்தல. அவன் வந்து தோளக் குடுத்தா நம்ம பய பந்த விட்டுட்டு ஒதுங்குறான். நாங்க ஆடுன காலத்துல முழங்கால்ல ரத்தம் வந்தாலும் மண்ணத் தடவிக்கிட்டு ஆடுவோம்."

இளைஞர் விடவில்லை. "அப்படிச் சொல்லாதீங்கய்யா. கால் இறுதியில பெல்ஜியத்தோட ரெண்டுக்கு ரெண்டு. ஷூட்-அவுட்ல ஜெயிச்சது யாரு? வெண்கலத்துக்கு ஆடுறப்ப அர்ஜென்டினா ரெண்டு கோல் முன்னாடி. கடைசிக் கால் பகுதியில நாலு போட்டாய்ங்க. அஞ்சு கோல் வாங்குன அதே பயலுகதான? மூணு நாள்ல நெஞ்சு மாறிருமா?"

டிசம்பர் 7-ஆம் தேதி ஐந்து கோல் வாங்கிய அணி, 10-ஆம் தேதி 0-2 என்று பின்தங்கியிருந்து, கடைசிப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நான்கு கோல் அடித்து 4-2 என வென்றது. பெரியவர் சொன்ன தெம்பு அந்தப் பையன்களிடம் இருந்தது என்பதற்கு அந்த நான்கு கோல் சாட்சி. ஜெர்மனியிடம் அது எடுபடாமல் போனதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

பட்டறைக்காரர் அதுவரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "அடிச்சு ஆடுறதுதான் தெம்புன்னா, கார்டு வாங்கிட்டு வெளிய உக்காரணும். மிச்சம் இருக்கிற பத்துப் பேரு அவன் ஓட்டத்தையும் சேத்து ஓடணும்" என்றார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ். பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதி. இரண்டாம் கால் பகுதியிலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி நாற்பது நிமிடத்துக்கும் மேல் இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தது. கோலில் ஸ்ரீஜேஷ் நின்றார். ஆள் குறைந்த இடத்தை அடுத்தவன் ஓடி நிரப்பினான். பந்து போனால் திரும்பி ஓடிவந்தான். மூச்சு வாங்கும்போதும் தன் இடம் எது என்று ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ரோஹிதாஸ் தடை காரணமாக ஆட முடியாமல் போன அரையிறுதியில் இந்தியா 2-3 என்று தோற்றது. அங்கேயும் எதிரே நின்றது ஜெர்மனிதான். ஓர் ஆள் இல்லாததன் விலை அது. பட்டறைக்காரரின் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடைக்காது.

அவர் தன் தொழிலை வைத்தே மேலும் சொன்னார். "மாங்காப் பூட்டு ஒண்ணு செய்யறோம்னு வச்சுக்கங்க. உள்ள இருக்கிற ஒவ்வொரு லீவரையும் கையால அரம் போட்டு ராவணும். அவசரப்பட்டு ராவுனா சாவி சுத்தும், பூட்டு நிக்காது. ஜெர்மனிக்காரன் பய ஆறு வயசுலருந்து ராவிக்கிட்டு வர்றான். நம்ம பய பதினாறு வயசுல டர்ஃபப் பாக்குறான்."

திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு வாங்கிய பொருள். அதைச் செய்கிற கை சொன்னதால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. ஜெர்மனியில் ஹாக்கி வளர்வது ஊர் கிளப்புகளில். பிள்ளைகள் சின்ன வயதிலேயே சேர்கிறார்கள். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுகிறார்கள். சின்ன இடத்தில் வேகமாகப் பந்தை வாங்கிக் கொடுத்துப் பழகியவனுக்குப் பெரிய மைதானத்தில் பதற்றம் வருவதில்லை. பெரியவர் தெம்பு என்று சொன்னதும் இளைஞர் பயிற்சி என்று சொன்னதும் எனக்கு ஒரே விஷயமாகத்தான் பட்டது. பத்து ஆண்டு ஒழுங்காக ஆடக் கிடைத்தவன் பதறமாட்டான். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதைத்தான் நெஞ்சுரம் என்கிறார்கள்.

கிளம்பும்போது இளைஞர் கேட்டார்: "நம்ம மாநிலத்துல கோப்பை. இந்திய அணியில நம்ம மாநிலத்துப் பய ஒருத்தன்கூட இல்ல. அது உங்களுக்கு உறுத்தலயா சார்?"

உறுத்தியது. அதனால்தான் வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

காமராஜர் பேருந்து நிலையத்தில் மதுரை பஸ் ஏறினேன். ஊரைத் தாண்டியதும் இடது கையில் சிறுமலை கூடவே வந்தது. சின்னாளபட்டிப் பிரிவு, காந்திகிராமம், அம்பாத்துரை. திராட்சைப் பந்தல், தென்னை, நிலக்கோட்டைப் பக்கம் பூ ஏற்றிப் போகிற வண்டிகள். மழையை நம்பியும் கிணற்றை நம்பியும் இருக்கிற பூமி. இதே மாவட்டத்தின் கிழக்கு மூலையில், நத்தத்தில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் கிரிக்கெட் மைதானத்தில் ரஞ்சிப் போட்டிகள் நடந்திருக்கின்றன, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கிய 2016 முதலே அங்கே ஆட்டங்கள் உண்டு. 2024-ல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையும் வென்றது. பச்சைப் புல் விரித்த ஒரு மைதானம் ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளின் ஆசையை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியாத செய்தி இல்லை.

பக்கத்து இருக்கையில் இருபது வயது மதிக்கத்தக்க தம்பி. நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் கொடை ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போகிறார். கண் சிவந்திருந்தது. ஹாக்கி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளி அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடியிருக்கிறார்.

"எதுக்குத் தம்பி விட்டீங்க?"

"ப்ளஸ் டூ முடிஞ்சுதுண்ணே. ஸ்கூல்ல இருக்கிற வரைக்கும் மட்டை ஸ்கூலு குடுக்கும், பஸ் காசு சாரு குடுப்பாரு. வெளிய வந்தா எங்க போயி ஆடுறது? டீமு இல்ல. மேட்ச்சு இல்ல. மில்லுல கூப்பிட்டாங்க, போயிட்டேன்."

"இப்ப ஆடணும்னு தோணுமா?"

"மதுரைக்கு மேட்ச் பாக்கப் போனேன்ணே. லீவு போட்டுட்டுப் போனேன். அந்தத் தரையப் பாத்ததும் கால் பரபரங்குது."

கொடை ரோட்டில் இறங்கிப் போனார். பஸ் வாடிப்பட்டியைத் தாண்டும் வரை அந்தப் பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. வாடிப்பட்டி, ஹாக்கிப் போட்டி நடத்திப் பழகிய ஊர். இந்தச் சாலை நெடுகிலும் ஆட ஆசைப்படுகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பதினான்கு வயதில் அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல உடற்கல்வி ஆசிரியர் போதும். பதினெட்டு வயதில் அவர்களைப் பிடித்து நிறுத்தத்தான் ஆளில்லை. ஜூனியர் உலகக் கோப்பை 21 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டம். பள்ளி கைவிடுகிற வயதுக்கும் இந்த வயதுக்கும் இடையே உள்ள மூன்று நான்கு ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டு ஹாக்கி தன் பிள்ளைகளைத் தொலைக்கிறது.

மதுரையில் ரேஸ் கோர்ஸ் விளையாட்டரங்கம். உலகக் கோப்பைக்காக அமைத்த ஹாக்கித் தரை நீலமாக விரிந்து கிடந்தது. காலையில் செம்மண்ணைப் பார்த்த கண்ணுக்கு அது வேறு ஆட்டத்தின் தரையாகவே தெரிந்தது. சர்வதேச ஆட்டங்களில் இப்படிப்பட்ட தரைக்கு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சுவார்கள். ஈரம் இருந்தால்தான் பந்து வழுக்கும், விழுந்தால் தோல் உரியாது. ஆத்தூர் காமராசர் அணை வற்றுகிற கோடையில் குடிநீருக்கே கையைப் பிசைகிற திண்டுக்கல்லில் இது சின்ன விஷயம் இல்லை. குறைந்த தண்ணீரில் ஆடக்கூடிய தரைகள் இப்போது வந்துவிட்டன. பாரிஸ் ஒலிம்பிக் அப்படிப்பட்ட ஒன்றில்தான் நடந்தது. நம் சமவெளி ஊர்களுக்கு டர்ஃப் கேட்கும்போது அந்த வகையைக் கேட்பதுதான் விவேகம்.

ஆனால் தரை மட்டும் ஆட்டக்காரனை உண்டாக்கிவிடாது. மதுரையிலிருந்து இன்னும் நூறு கிலோமீட்டர் தெற்கே போனால் கோவில்பட்டி. தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் செய்கிற கரிசல் ஊர். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வரும். அரசின் விளையாட்டு விடுதி இருக்கிறது, டர்ஃப் இருக்கிறது. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் அந்த விடுதியில் வளர்ந்த இரண்டு பேர் இந்தியாவுக்கு அறிமுகமானார்கள்: கோவில்பட்டி மாரீஸ்வரன், அரியலூர் கார்த்தி. பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அரியலூர்ப் பையன் கோவில்பட்டிக்கு வந்து தங்கி ஆட முடிந்தது என்பதைத்தான் நான் இதில் முக்கியமாகப் பார்க்கிறேன். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, தினமும் டர்ஃப், கண்முன்னே பெரிய அணிகளின் ஆட்டம். இந்த நான்கும் ஒரே ஊரில் சேர்ந்தபோது அவரால் இந்தியாவுக்கு ஆட முடிந்தது.

இந்த ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஸ்ரீஜேஷின் கதையும் இதையே சொல்கிறது. திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் தடகளப் பையன். ஒரு பயிற்சியாளர் பார்த்து கோலில் நிற்கச் சொன்னார். இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் கழுத்தில் விழும்வரை எத்தனையோ ஆண்டு ஆட அவருக்கு இடம் இருந்தது. ஒடிசாவிலும் இதேதான் நடந்தது. அந்த மாநிலம் 2018-ல் இந்திய ஹாக்கி அணிகளுக்குப் புரவலராக வந்தது. கூடவே தன் சுந்தர்கர் மாவட்டத்தில் தரையும் பயிற்சியும் பெருக்கியது. ரோஹிதாஸ் அந்த மாவட்டத்துக் கிராமப் பிள்ளைதான். திறமை அங்கே முன்பிருந்தே இருந்தது. அதைப் பாதியில் விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாட்டை அவர்கள் செய்தார்கள்.

காலையில் பெரியவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஐந்து கோல் வாங்கியது வலித்ததால்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியைப் பதினெட்டு இருபது வயதுப் பையன்களிடம் கேட்பது நியாயம் இல்லை. பதினெட்டு வயதில் மட்டையைக் கீழே வைக்கவிட்ட நம்மிடம் கேட்க வேண்டும். திண்டுக்கல்லுக்கு ஒரு உள்ளூர் லீக் வேண்டும். வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பழநி என்று ஊருக்கு ஓர் அணி, வாரம் ஓர் ஆட்டம். அதற்கு டர்ஃப்கூட உடனே தேவையில்லை, செம்மண்ணிலேயே தொடங்கலாம். நூற்பாலைகள் ஆளுக்கோர் அணியை எடுத்துக்கொண்டு, ஆடுகிற தம்பிகளுக்குப் பகல் ஷிப்ட் கொடுக்கலாம். மாதம் இரண்டு முறை மதுரை நீலத் தரையில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கலாம். கோல்கீப்பருக்கு இன்னொரு செட் பேடு வாங்கித்தர ஒரு தெரு வியாபாரிகள் சேர்ந்தாலே போதும்.

அந்த மைதானத்தில் சைக்கிள் டியூப் சுற்றிய மட்டையோடு நின்ற பையனுக்கு வயது பதினான்கு. 21 முடிய இன்னும் ஏழு ஆண்டு இருக்கிறது. அவன் பதினெட்டைத் தாண்டியும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை இந்தத் தை மாதமே தொடங்கலாம்.